டாப்பி படத்துலேர்ந்து நம்பர் வரைக்கும்: மைக்ரோஸ்கோப் இமேஜ் அனாலிசிஸ் ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப்புல எடுத்த படத்தைக் காட்டி "செல்லு சூப்பரா மின்னுது பாருங்க"ன்னு சொல்றது ஈஸி. எத்தனை செல், ஒவ்வொண்ணும் எவ்வளவு பெருசு, மருந்து போட்டதுல சிக்னல் எத்தனை மடங்கு ஏறியிருக்குன்னு கேட்டா தான் பலபேரு முழிக்கிறாங்க. இதுக்கு பதில் சொல்ற வேலை தான் இமேஜ் அனாலிசிஸ். நான் இங்க எல்லாத்தையும் சொல்லப் போறதில்ல, டாப்பி போட்ட ஒரு படத்தை எடுத்துக்கிட்டு அதுல நியூக்ளியஸை எண்ணி அளக்குற வரைக்கும் போவோம், வழியில எங்கெல்லாம் குழி இருக்குன்னு சொல்லிடறேன். டாப்பிங்கிறது டிஎன்ஏல போய் ஒட்டிக்கிற ஒரு டை, அதனால நியூக்ளியஸ் மட்டும் நீலமா தெரியும், எண்ணிப் பழக இதைவிட நல்ல படம் கிடையாது.

சாஃப்ட்வேர்னா ஃபிஜி போதும், காசு கிடையாது. அமெரிக்காவோட என்ஐஹெச்ங்கிற அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துல வேலை பாத்த வெய்ன் ராஸ்பேண்ட் 1987ல மேக்குக்காக என்ஐஹெச் இமேஜ்னு ஒண்ணு எழுதினாரு, அப்புறம் 1997ல அதையே எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடுற மாதிரி ஜாவால இமேஜ்ஜேன்னு கொண்டு வந்தாரு, அந்த இமேஜ்ஜேயோட பயாலஜிக்காரங்களுக்கு வேண்டிய பிளகின் எல்லாத்தையும் சேர்த்துக் கட்டின பொட்டலம் தான் ஃபிஜி. இன்ஸ்டால் கூட பண்ண வேணாம், ஜிப்பை பிரிச்சு ஓட்ட வேண்டியது தான்.

சொந்தப் படம் இல்லேன்னாலும் பரவால்ல. ஃபைல் மெனுல ஓப்பன் சாம்பிள்ஸ்னு இருக்கும், அதுல ஃப்ளூரசன்ட் செல்ஸை எடுங்க. மாட்டோட நுரையீரல் ரத்தக் குழாய்லேர்ந்து எடுத்த செல், மைட்டோகாண்ட்ரியா சிவப்பு, ஆக்டின் நார் பச்சை, நியூக்ளியஸ் நீலம். இப்ப மவுஸை சும்மா படத்து மேல நகத்திக்கிட்டே ஃபிஜியோட சின்ன ஜன்னல்ல கீழ பாருங்க, எக்ஸ், ஒய், பக்கத்துல வேல்யூன்னு ஒரு நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும். நியூக்ளியஸ் மேல போனா நம்பர் ஏறும், வெளிய வந்தா எறங்கும். இன்னும் நம்பிக்கை வரலேன்னா ஸ்ப்ளிட் சேனல்ஸ் குடுத்து நீல சேனலை மட்டும் தனியா பிரிச்சு, அதுல ஒரு சின்ன சதுரம் வரைஞ்சு, இமேஜ் மெனுல டிரான்ஸ்ஃபார்ம்ல இமேஜ் டு ரிசல்ட்ஸ் குடுங்க, எக்செல் ஷீட் மாதிரி வரிசை வரிசையா வெறும் நம்பரா வந்து நிக்கும். அந்த டேபிள் தான் உங்க எக்ஸ்பெரிமென்ட்டோட டேட்டா, ஸ்க்ரீன்ல தெரியிறது அந்த டேபிளுக்குப் போட்ட பெயின்ட். இனிமே சொல்லப் போற எல்லாமே, அந்த நம்பரை யாரும் (முக்கியமா நீங்களே) தெரியாம மாத்திடாம கடைசி வரைக்கும் கொண்டு போறது எப்படிங்கிறது தான்.

கலர்லேர்ந்தே ஆரம்பிப்போம். ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப்புல இருக்குற கேமரா பெரும்பாலும் கருப்பு வெள்ளை தான். டாப்பி விடுற வெளிச்சம் சுமார் 460 நேனோமீட்டர், நிஜமாவே நீலம் தான், ஆனா ஃபில்டரைத் தாண்டி கேமராக்கு வந்த அப்புறம் அது எத்தனை ஃபோட்டான் விழுந்துச்சுன்னு தான் பதிவு பண்ணும். நீலம்ங்கிறது பின்னாடி சாஃப்ட்வேர் பூசுறது, லுக்-அப் டேபிள்னு பேரு. அதனால அதை எப்ப வேணா மாத்தலாம், டேட்டா மாறாது. பாக்குறதுக்கு மட்டும் க்ரே வெச்சுக்கோங்க, கருப்பு மேல கரு நீலத்துல நம்ம கண்ணுக்கு பாதி விஷயம் தெரியவே தெரியாது. சிவப்பு-பச்சை ஜோடி போடுற பழக்கத்தையும் விட்டுட்டு மெஜந்தா-பச்சைக்கு மாறினா கலர் பிளைண்டா இருக்குறவங்களும் உங்க ஸ்லைடைப் படிக்க முடியும்.

அடுத்தது பிட் டெப்த். 8-பிட் படத்துல ஒரு பிக்சல் 0லேர்ந்து 255 வரைக்கும் போகும், 12-பிட்னா 4095 வரைக்கும், 16-பிட்னா 65,535 வரைக்கும். இங்க தான் புதுசா வர்றவங்க எல்லாரும் ஒருதடவை பயப்படுவாங்க: மைக்ரோஸ்கோப் கம்ப்யூட்டர்ல பளிச்சுனு இருந்த படத்தை பென் டிரைவ்ல எடுத்துட்டு வந்து வீட்ல சாதா ஃபோட்டோ வியூவர்ல தொறந்தா முழுக்க கருப்பு. ஃபைல் போச்சுன்னு நினைச்சு டெலீட் பண்ணினவங்களும் உண்டு. நடக்குறது என்னன்னா, கேமரா 12-பிட், சேவ் ஆனது 16-பிட் டப்பால. உங்க படத்துலயே ரொம்ப பிரைட்டான பிக்சல் 4095 தான், வியூவருக்கு வெள்ளைன்னா 65,535, அதாவது உங்க உச்சமே அதோட கணக்குல ஆறு சதவீதம் தான், அதனால இருட்டாக் காட்டுது. ஃபிஜில தொறந்தா சரியாத் தெரியும், ஏன்னா அது அந்தப் படத்துல இருக்குற சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் எடுத்து ஸ்க்ரீனுக்கு ஏத்த மாதிரி விரிச்சுக் காட்டும்.

இந்த விரிச்சுக் காட்டுறதும் டேட்டாவை மாத்துறதும் ஒண்ணு கிடையாது. பிரைட்னஸ் கான்ட்ராஸ்ட் பாக்ஸ்ல ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும், ஆட்டோ அமுக்கினாலும் காட்சி மட்டும் தான் மாறும், உள்ள நம்பர் அப்படியே இருக்கும். ஆனா அதே பாக்ஸ்ல அப்ளைன்னு ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கினா நம்பரே மாறிடும். அதைத் தொடாதீங்க. இதைவிட மோசமானது சத்தமில்லாம நடக்குற இன்னொண்ணு, 16-பிட்லேர்ந்து 8-பிட்டுக்கு மாத்துறது. ஃபிஜி மாத்தும்போது அப்ப ஸ்க்ரீன்ல எந்த ரேஞ்ச் ஓடுதோ அதை 0-255ஆ அமுக்கும். கன்ட்ரோல் (மருந்து போடாத) படத்துக்கு ஆட்டோ குடுத்து 8-பிட் பண்ணினீங்க, மருந்து போட்ட படத்துக்கும் தனியா ஆட்டோ குடுத்து 8-பிட் பண்ணினீங்கன்னா, ரெண்டும் வேற வேற அளவுகோல்ல உக்காந்திருக்கும், அதுக்கப்புறம் ரெண்டையும் கம்பேர் பண்ணி கிராஃப் போட்டா அது வெறும் அலங்காரம். அளக்குறவரைக்கும் ஒரிஜினல் பிட்லயே வேலை பாருங்க.

படம் எடுக்கும்போதே கெட்டதை பின்னாடி எந்த சாஃப்ட்வேராலயும் சரி பண்ண முடியாது, அதுல முதல் எடம் சாச்சுரேஷனுக்கு. எக்ஸ்போஷர் கூடிப்போனா பிரைட்டான பிக்சல் எல்லாம் 4095ல முட்டி நின்னுடும், நிஜத்துல 5000 வரவேண்டியதும் 9000 வரவேண்டியதும் ஒரே நம்பராகிடும். ஹெச் கீயை அமுக்கி ஹிஸ்டோகிராம் பாருங்க, எந்த பிரைட்னஸ்ல எத்தனை பிக்சல் இருக்குன்னு காட்டுற கிராஃப் அது, வலது கோடில ஒரு கம்பம் நட்ட மாதிரி நின்னா முட்டியிருக்குன்னு அர்த்தம். எண்ண மட்டும் தான் போறீங்கன்னா சமாளிக்கலாம், பிரைட்னஸை அளக்கப் போறீங்கன்னா திரும்பப் படம் எடுக்க வேண்டியது தான். அப்புறம் கன்ட்ரோலுக்கும் ட்ரீட்மென்ட்டுக்கும் ஒரே எக்ஸ்போஷர், ஒரே கெய்ன், ஒரே லேம்ப் பவர், ஆட்டோ எக்ஸ்போஷர் ஆஃப். இருக்குறதுலயே எது ரொம்ப பிரைட்டோ அந்த ஸ்லைடுல செட்டிங்கை வெச்சுக்கிட்டு மத்ததை அதே செட்டிங்ல எடுங்க.

ஃபைலை ஜேபெக்கா சேவ் பண்ணாதீங்க. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டமா வெட்டி, கண்ணுக்குத் தெரியாதுன்னு நினைக்கிற விவரத்தைத் தூக்கிப் போட்டுடும், அப்படித் தூக்கிப் போட்டதுல உங்க சின்ன புள்ளி சிக்னலும் போகும். மைக்ரோஸ்கோப் கம்பெனியோட சொந்த ஃபைல் எதுவோ, ஜெய்ஸ்னா சிஇசட்ஐ, நிக்கான்னா என்டி2, லைக்கான்னா லிஃப், அதையே பத்திரமா வெச்சுக்கோங்க, ஃபிஜில இருக்குற பயோ-ஃபார்மட்ஸ் பிளகின் இது எல்லாத்தையும் தொறக்கும். எந்த லென்ஸ், பிக்சல் சைஸ் எவ்வளவு, எக்ஸ்போஷர் எவ்வளவுங்கிற மெட்டாடேட்டாவும் அதுக்குள்ளயே இருக்கும். தயவுசெஞ்சு கைடுக்கு வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா அனுப்பின படத்தைத் திரும்ப டவுன்லோட் பண்ணி அளக்காதீங்க, சிரிக்காதீங்க, நடக்குது.

பிக்சல் சைஸ்னு சொன்னேன்ல, அது ஏன் வேணும்னா ஃபிஜிக்கு மைக்ரான் தெரியாது, பிக்சல் தான் தெரியும். கேமரா சென்சர்ல ஒரு பிக்சல் 6.5 மைக்ரான், லென்ஸ் 40எக்ஸ், நடுவுல வேற அடாப்டர் எதுவும் இல்லேன்னா, படத்துல ஒரு பிக்சல் சாம்பிள்ல 6.5ஐ 40ஆல வகுத்தா வர்ற 0.1625 மைக்ரான். அப்ப 10 மைக்ரான் விட்டம் இருக்குற நியூக்ளியஸ் குறுக்கால சுமார் 62 பிக்சல் வரும், பரப்பளவு 78 சதுர மைக்ரானுக்கு மேல, பிக்சல் கணக்குல மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. இந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல போட்டு பக்கத்துல வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல வேணும். மெட்டாடேட்டா இருந்தா ஃபிஜி தானா எடுத்துக்கும், இல்லேன்னா இமேஜ் மெனுல ப்ராப்பர்ட்டீஸ்ல நீங்களே போடணும்.

படத்தை ஜூம் பண்ணினா புதுசா விவரம் வரும்னு எதிர்பாக்காதீங்க. வெளிச்சத்தோட வேவ்லென்த்தை லென்ஸோட நியூமரிக்கல் அப்பர்ச்சரோட (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்துலேர்ந்து வெளிச்சத்தை வாங்குதுன்னு சொல்ற நம்பர்) ரெண்டு மடங்கால வகுத்தா வர்ற தூரத்தைவிட நெருக்கமா ரெண்டு புள்ளி இருந்தா சாதா மைக்ரோஸ்கோப்புக்கு ஒண்ணாத் தான் தெரியும்னு 1873லயே எர்ன்ஸ்ட் அபே சொல்லிட்டாரு. 500 நேனோமீட்டர் வெளிச்சம், அப்பர்ச்சர் 1.4 இருக்குற லென்ஸ்னா சுமார் 180 நேனோமீட்டர். நியூக்ளியஸ் எண்ண இது ஒரு பிரச்சனையே இல்ல, ஆனா ரெண்டு புரோட்டீன் "தொட்டுக்கிட்டு இருக்கு"ன்னு சொல்ல வர்றவங்க இந்த நம்பரை மறக்கக் கூடாது.

சரி, எண்ணுவோம். முதல்ல டூப்ளிகேட் எடுங்க, கன்ட்ரோல் ஷிஃப்ட் டி. ஒரிஜினலை ஓரமா வெச்சுட்டு காப்பில தான் எல்லா வேலையும். படத்துல நடுவுல வெளிச்சம் கூடவும் ஓரத்துல கம்மியாவும் இருந்தா சப்ட்ராக்ட் பேக்கிரவுண்ட் குடுங்க, ரோலிங் பால் ரேடியஸ்னு கேக்கும், உங்க பெரிய நியூக்ளியஸைவிட பெருசா குடுக்கணும், நம்ம கணக்குப்படி 62 பிக்சல்னா நூறு மாதிரி போடலாம். சின்னதாப் போட்டா நியூக்ளியஸையே பேக்கிரவுண்டுன்னு நினைச்சு வழிச்சுடும். அப்புறம் லேசா காஸியன் ப்ளர், சிக்மா 1 இல்ல 2, கேமரா நாய்ஸ்னால வர்ற பொடி அடங்கும்.

இப்ப த்ரெஷோல்ட். ஒரு நம்பரைப் புடிச்சு, அதுக்கு மேல இருந்தா நியூக்ளியஸ், கீழ இருந்தா பேக்கிரவுண்ட்னு வெட்டுறது. கையால ஸ்லைடரை இழுத்து "ஆங், இது நல்லாருக்கு"ன்னு நிறுத்துறவங்க தான் ஜாஸ்தி, ஆனா எந்த ஸ்லைடுல மருந்து இருக்குன்னு தெரிஞ்சவரு கையால இழுத்தா அவரு ஆசையும் சேர்ந்து தான் இழுக்கும். அதுக்குத் தான் ஆட்டோ மெத்தட். நோபுயுகி ஒட்சு 1979ல சொன்ன முறை இன்னிக்கும் எல்லா சாஃப்ட்வேர்லயும் இருக்கு: ஹிஸ்டோகிராமை எந்த எடத்துல வெட்டினா ரெண்டு கூட்டத்துக்குள்ளயும் சிதறல் குறைச்சலா இருக்கோ அங்க வெட்டும். செல் நிறைய இருந்து ஹிஸ்டோகிராம்ல ரெண்டு மேடு தெளிவா இருந்தா அழகா வேலை செய்யும். படம் முழுக்க இருட்டு, நாலே நாலு செல்னா தடுமாறும், அப்ப டிரையாங்கிள் மெத்தடைப் போட்டுப் பாருங்க, ஒரே ஒரு பெரிய பேக்கிரவுண்ட் மேடும் நீளமான வாலும் இருக்குற ஹிஸ்டோகிராமுக்கு அது ஒத்து வரும். ஃபிஜியோட ஆட்டோ த்ரெஷோல்ட்ல ட்ரை ஆல்னு குடுத்தா எல்லா மெத்தடோட ரிசல்ட்டையும் ஒரே ஷீட்ல காட்டிடும். எதை எடுத்தாலும் சரி, கன்ட்ரோல் படத்துல ஒண்ணு மருந்துப் படத்துல ஒண்ணுன்னு மாத்தாதீங்க, எதை எடுத்தீங்கன்னு மெத்தட்ஸ்ல எழுதுங்க. டார்க் பேக்கிரவுண்ட் டிக் போட்டிருக்கான்னும் பாத்துக்கோங்க, இல்லேன்னா நட்சத்திரத்துக்கு பதிலா வானத்தையே எண்ணிக் குடுக்கும்.

வெட்டினதும் கருப்பு வெள்ளை மாஸ்க் வரும். ஃபில் ஹோல்ஸ் குடுத்து ஓட்டையை அடைச்சுட்டுப் பாத்தா, ஒட்டிக்கிட்டு இருக்குற ரெண்டு நியூக்ளியஸ் ஒரே கட்டியா நிக்கும். பைனரி மெனுல வாட்டர்ஷெட் இருக்கு. ஒவ்வொரு பிக்சலும் ஓரத்துலேர்ந்து எவ்வளவு உள்ள தள்ளி இருக்குன்னு அளந்து அதையே ஆழமா வெச்சுக்கும், நியூக்ளியஸோட நடு தான் ஆழமான குழி. ரெண்டு குழிலயும் தண்ணி ஏறி எங்க ஒண்ணோட ஒண்ணு கலக்கப் போகுதோ அங்க ஒரு வரப்பு போட்டுடும், கட்டி ரெண்டாப் பிரியும். உருண்டையான நியூக்ளியஸ்ல அருமையா வேலை செய்யும், அவரைக்கொட்டை ஷேப்ல இருந்தா ஒண்ணையே ரெண்டா மூணா வெட்டிடும்.

அடுத்தது அனலைஸ் பார்ட்டிகிள்ஸ். சைஸ் கேக்கும், இங்க தான் அந்தப் பேப்பர். முழு நியூக்ளியஸ் 78 சதுர மைக்ரான்னா, 30லேர்ந்து இன்ஃபினிட்டின்னு குடுத்தா தூசி தும்பு எல்லாம் போயிடும். யூனிட் மைக்ரானா பிக்சலான்னு மட்டும் கவனம், மைக்ரான்னு நினைச்சு 30 பிக்சல் குடுத்தா தூசியும் செல்லு தான். அதுக்குக் கீழ சர்க்குலாரிட்டி, 4 பை பெருக்கல் பரப்பளவை சுற்றளவோட வர்க்கத்தால வகுத்தது, வட்டம்னா 1, சதுரம்னா சுமார் 0.79. இதுல கொஞ்சம் நின்னு யோசிங்க. பிரியுற செல்லுல குரோமோசோம் எல்லாம் நடுவுல பட்டையா வரிசை கட்டி நிக்கும், சின்னதா, நீளமா, ரொம்ப பிரைட்டா. சாகுற செல்லோட நியூக்ளியஸ் துண்டு துண்டா ஒடைஞ்சு கிடக்கும். "க்ளீனா இருக்கட்டும்"னு சர்க்குலாரிட்டியை 0.8க்கு மேல வெச்சு சைஸையும் ஏத்தினீங்கன்னா இந்த ரெண்டு வகையும் வெளிய போயிடும், நீங்க டெஸ்ட் பண்றது கேன்சர் மருந்துன்னா அது செய்யிற வேலையே பலசமயம் இந்த ரெண்டுல ஒண்ணா இருக்கும், ரிசல்ட்டை நீங்களே ஃபில்டர் போட்டுத் தூக்கிட்டு "மருந்து வேலை செய்யல"ன்னு எழுதுவீங்க. அதனால ஃபில்டர்ல எது வெளிய போகுதுன்னு ஒருதடவை ஃபில்டரே இல்லாம ஓட்டி, அவுட்லைனை ஒரிஜினல் மேல போட்டுக் கண்ணால பாருங்க. எனக்குத் தெரிஞ்சு இந்த மொத்த வேலைலயும் ரொம்பப் பேரு ஸ்கிப் பண்றது இந்த ஒரு ஸ்டெப் தான்.

ஓரத்துல பாதி வெட்டுப்பட்ட நியூக்ளியஸை என்ன பண்றது? சைஸ் அளக்குறீங்கன்னா எக்ஸ்க்ளூட் ஆன் எட்ஜஸ் டிக் போட்டுத் தூக்கிடுங்க, பாதி செல்லோட சைஸ் பொய். ஆனா எண்ணிக்கை தான் வேணும்னா எல்லாத்தையும் தூக்கினா கம்மியா வரும். நியூபாவர் சேம்பர்ல ரத்த செல் எண்ணினவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம் தான், ரெண்டு பக்கக் கோட்டைத் தொடுறதைச் சேர்த்துக்கணும், மத்த ரெண்டு பக்கத்துல தொடுறதை விடணும், அதே ரூல் இங்கயும்.

பிரைட்னஸை அளக்கணும்னா மாஸ்க்கை ஆர்ஓஐ மேனேஜர்ல (நியூக்ளியஸ் ஓரம் எல்லாத்தையும் சேத்து வெக்கிற ஜன்னல்) ஏத்தி, அதை ஒரிஜினல் படத்து மேல போட்டு மெஷர் பண்ணுங்க, ப்ளர் பண்ணின காப்பில இல்ல. பேக்கிரவுண்டைக் கழிக்காம ரேஷியோ எடுக்கக் கூடாது, ஏன்னு ஒரு கணக்குல பாருங்க. மருந்து போட்ட நியூக்ளியஸ் சராசரி 820, கன்ட்ரோல் 560, அப்படியே வகுத்தா சுமார் 1.46 மடங்கு. ஆனா செல்லே இல்லாத எடத்துல கேமரா 300 காட்டுது, அது கேமராவோட ஆஃப்செட்டும் மீடியத்தோட மினுமினுப்பும் சேர்ந்தது. கழிச்சா 520, 260, அதாவது சரியா 2 மடங்கு. அதே படம், அதே செல்.

ரெண்டு சேனலைச் சேர்த்துப் போட்டு மஞ்சளாத் தெரியுது, அதனால ரெண்டு புரோட்டீனும் ஒரே எடத்துல இருக்குன்னு சொல்றதும் இதே வகை. பச்சை ஸ்லைடரைக் கொஞ்சம் ஏத்தினா மஞ்சள் கூடும், எறக்கினா கொறையும். பியர்சன் கோஎஃபிஷியன்ட் (ரெண்டு சேனலும் எவ்வளவு தூரம் சேர்ந்தே ஏறி எறங்குதுன்னு சொல்றது) மாதிரி பிக்சல் நம்பர்லேர்ந்து வர்ற அளவு தான் பேசணும், கோலாக்2ன்னு பிளகின் ஃபிஜிலயே இருக்கு.

நம்பர் கைக்கு வந்ததும் கை துறுதுறுங்கும், ஒரு ஸ்லைடுல 300 நியூக்ளியஸ் அளந்தாச்சு, என் (எத்தனை தனித்தனி மாதிரிங்கிற எண்ணிக்கை) = 300ன்னு போட்டு பி வேல்யூ (இந்த வித்தியாசம் தற்செயலா வந்திருக்குமான்னு பாக்குற நம்பர்) எடுத்தா எதுவா இருந்தாலும் சிக்னிஃபிகன்ட்டா வரும். அந்த 300ம் ஒரே நாள், ஒரே டிஷ், ஒரே ஸ்டெயினிங். தனித்தனி நாள்ல மூணு தடவை எக்ஸ்பெரிமென்ட் பண்ணினா என் = 3 தான், செல்லுங்க எல்லாம் அந்த மூணுக்கு உள்ள வர்ற அளவீடு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சராசரி எடுத்து அந்த மூணு சராசரியை வெச்சு டெஸ்ட் போடுங்க.

நூறு படம் இருந்தா கையால பண்ணாதீங்க. பிளகின்ஸ் மெனுல மேக்ரோஸ்ல ரெக்கார்டுன்னு இருக்கு, அதை ஆன் பண்ணிட்டு ஒரு படத்துல எல்லா ஸ்டெப்பும் செஞ்சா நீங்க அமுக்கினது எல்லாம் கோடா எழுதிக்கிட்டே வரும், ப்ரோகிராமிங் தெரியாதவங்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. செல்லு நெருக்கமா ஒண்ணு மேல ஒண்ணு இருக்குற டிஷ்யூ படம்னா த்ரெஷோல்ட், வாட்டர்ஷெட் ரெண்டும் கை விட்டுடும், அங்க ஸ்டார்டிஸ்ட், செல்போஸ் மாதிரி ஏற்கனவே டிரெய்ன் பண்ணி வெச்சிருக்குற டீப் லேர்னிங் டூலுக்குப் போகலாம், ரெண்டும் ஃப்ரீ தான். ஆனா அதுவும் தப்புப் போடும், த்ரெஷோல்ட் போடுற தப்பாவது ஏன்னு சொல்ல முடியும். ஆரம்பத்துலயே அங்க குதிக்க வேணாம்ங்கிறது என் கருத்து, ஹிஸ்டோகிராம் படிக்கத் தெரியாம செல்போஸ் ஓட்டுறவங்களால ரிசல்ட் நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியறதில்ல.

பழகுறதுக்கு அமெரிக்காவுல பிராட் இன்ஸ்டிடியூட் ஒரு படத் தொகுப்பை எல்லாருக்கும் தொறந்து வெச்சிருக்கு, பிபிபிசின்னு சொல்லுவாங்க. அதுல 039ம் நம்பர் செட்டை எடுங்க, மனுச எலும்புக் கேன்சர் செல்லோட நியூக்ளியஸ் படம் 200, ஒவ்வொண்ணுலயும் நிபுணருங்க கையால ஓரம் வரைஞ்சு விடையும் கூடவே குடுத்திருக்காங்க. பத்து படம் ஓட்டி உங்க எண்ணிக்கையையும் அவங்க எண்ணிக்கையையும் பக்கத்து பக்கத்துல போடுங்க. மொத்தம் ஒத்துப்போச்சேன்னு விட்டுடாதீங்க, ஒரு எடத்துல ரெண்டை ஒண்ணா எண்ணி இன்னொரு எடத்துல ஒண்ணை ரெண்டா எண்ணினா கூட மொத்தம் ஒத்துப்போகும், அதனால உங்க அவுட்லைனை அவங்க அவுட்லைன் மேல போட்டு எந்தெந்த நியூக்ளியஸ்ல வித்தியாசம்னு ஒவ்வொண்ணா தேடுங்க.